யாரும் சாகாத புத்தகம்

மேடவாக்கத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டு, "ரிப்போர்ட் கொஞ்ச நேரத்துல உங்க போனுக்கே வந்துடும் சார்" என்று வெளியே அனுப்பப்பட்டவன் எங்கே போவான்? வீட்டுக்குப் போனால் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டும். ரோட்டில் நின்றால் தண்ணீர் லாரிக்காரன் ரிப்போர்ட்டுக்கே அவசியமில்லாமல் செய்துவிடுவான். நான் பக்கத்துக் கட்டடத்தில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அது ஒரு நூலகம். ஏசி, காபி வாசனை, உட்கார்ந்தால் ஆளையே விழுங்குகிற மூட்டை மாதிரி இருக்கைகள். சொர்க்கம்போல இருந்தது என்று எழுதலாம்தான். ஆனால் அந்தச் சொல் அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "ஒண்ணுமில்ல சார். எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துடலாம்." ஒன்றுமில்லை என்றால் எதைப் பார்க்க? அவரிடம் கேட்கத் தைரியம் இல்லாமல் அன்று முதல் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். இன்சூரன்ஸ் காகிதங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று மனைவிக்கு விளக்கினேன். மறுபடியும் விளக்கப் போனபோது அவள் டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

நுழைந்ததும் ஒரு தட்டு. 'எங்கள் ஊழியர்களின் மனங்கவர்ந்தவை' என்று மேலே எழுதி, ஒவ்வொரு புத்தகத்தின் கீழும் வண்ண அட்டை செருகியிருந்தார்கள். துப்பறியும் கதைக்குக் கீழே ஒரு பூதக்கண்ணாடிப் படம், காதல் கதைக்குக் கீழே இதயம், சமையல் புத்தகத்துக்குக் கீழே கரண்டி. ஓர் அட்டையில் உருண்டையான கையெழுத்தில் இப்படி இருந்தது: 'மனசுக்கு இதமான நாவல். யாரும் சாக மாட்டார்கள். தைரியமாகப் படிக்கலாம்.'

அந்தப் புத்தகத்தை எடுத்தேன். தலைப்பைக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் விரித்து, முதுகுப் பக்கத்தை மடக்கி, தையலோரத்தில் ஏதாவது பக்கத்தை அறுத்திருக்கிறார்களா என்றுதான் பார்த்தேன். கை தானாகச் செய்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏதாவது ஹெல்ப் வேணுமா அங்கிள்?"

"இதுல நிஜமாவே யாரும் சாகலையாம்மா?"

அவள் நேர்மையான பெண். கொஞ்சம் யோசித்தாள். "ஒரு நாய் மட்டும் அங்கிள். அது செகண்ட் சாப்டர்லயே போயிடும்."

புத்தகத்தைத் திரும்ப வைத்துவிட்டேன். ஆனால் அதை விரித்தபோது எழுந்த பசை வாசனை மூக்கிலேயே நின்றது. இந்தக் காலத்துப் பசையில் பெயின்ட் வாடைதான். எங்கள் பசை வேறு. மைதாவைக் கரைத்து, கரப்பான் அண்டாமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவது. அதைத் தின்ற கரப்பான் செத்து விழும். ஆக, எங்கள் லைப்ரரியில் சாவு அட்டையிலிருந்தே தொடங்கியது.

மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு தையல்கடைக்கு மேலே இரும்புப் படி ஏறினால் வரும் வாடகை நூலகம் அது. என் முதல் வேலை. முதலாளிக்குப் பல்லாவரத்தில் வேறு கடை இருந்ததால் சாயங்காலம் எட்டிப்பார்ப்பதோடு சரி. மற்ற நேரம் எங்கள் மூன்று பேர் ராஜ்ஜியம்தான். அப்போது வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைகள் வரும். அவற்றை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் தைத்து, அட்டை போட்டு, ஒரே புத்தகமாக்கி வாடகைக்கு விடுவோம். பைண்டிங் என்று பேர். கதையின் பின்பக்கத்தில் பல்பொடி விளம்பரமும் பாதி ஜோக்கும் சேர்ந்தே வரும். மீதி ஜோக்கு யாருக்கும் கிடைத்ததில்லை.

சிபாரிசு செய்வதில் எங்களுக்குள் எல்லை பிரித்திருந்தோம். குடும்பக் கதைகள் ஸ்டெல்லா அக்காவுக்கு. சேலையூரிலிருந்து நடந்தே வருவார். புத்தகத்தைக் கண்ணீரால்தான் அளப்பார். ஒரு கர்ச்சீப் கதை, இரண்டு கர்ச்சீப் கதை, துண்டுக் கதை. சிரித்துக்கொண்டே படியேறி வருகிறவர்களைக் கண்டால் அக்காவுக்குப் பொறுக்காது. துண்டுக் கதையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்து, "அழுதா உடம்புக்கு நல்லது" என்று அனுப்பிவைப்பார். குமரேசனுக்குத் துப்பறியும் கதைகள். பக்க முனையை மடக்கிக் கொண்டுவருகிறவர்களுக்கு அவன் அபராதம் போடுவதில்லை. அடுத்த புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போது, "நல்ல புக்கு சார், டாக்டர்தான் கொன்னுருப்பான்" என்று சொல்லிக் கொடுப்பான். அவர்கள் முகம் வாடுவதைப் பார்ப்பதில் அவனுக்கு அப்படியொரு நிம்மதி. எனக்கு மிஞ்சியது பேய்க் கதைகள். பட்டப்பகலில்கூடப் பின்பக்கத் தட்டுக்குத் தனியாகப் போகாதவனுக்கு அந்தத் தட்டைக் கொடுத்தது குமரேசன்தான். நான் எதையும் முதல் பக்கத்துக்கு மேல் படித்ததில்லை. "பயங்கரமா இருக்கும்" என்பேன். அது முழு உண்மை.

எங்களிடம்தான் நாகராஜன் சார் வந்து மாட்டினார்.

அவர் ரயில்வேயில் டி.டி.ஆராக இருந்து ஓய்வு பெற்றவர். அச்சடித்தது எதுவானாலும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார். எங்கள் புத்தகங்களில் பல்பொடி விளம்பரத்தையும் விடாமல் படித்த ஒரே உறுப்பினர் அவராகத்தான் இருப்பார். வீடு பொழிச்சலூரில். மருந்து வாங்கத் தாம்பரம் வருகிற நாளில் எங்கள் படியேறுவார். ஒருநாள், கூட்டம் கலைகிற வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு, யாரும் சாகாத கதையாக ஒன்று வேண்டும் என்று கேட்டார்.

"இன்னா சார், உயிரோட கீறவங்க மட்டும் இருக்கற புக்கா?" என்றான் குமரேசன். "டெலிபோன் டைரக்டரி தரட்டா? அதுலயும் பாதிப் பேரு போயிருப்பான்."

சார் சிரிக்கவில்லை. மனைவி வசந்தாவுக்கு உடம்பு சரியில்லை என்றும், டாக்டர் தன்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார் என்றும் சொன்னார். எவ்வளவு நாள் என்பதற்கு விரல்களை ஆட்டிக் காட்டினாரே தவிர வாயால் சொல்லவில்லை. வசந்தா அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஒண்ணுமில்ல, ரத்தம் கம்மி என்று சொல்லிவைத்திருக்கிறார். படித்தால் கண் சோர்ந்துபோவதால் தினமும் இவர்தான் கதை வாசித்துக்காட்டுகிறார்.

"கதையில யாராவது செத்தா என் குரல் மாறிடுது தம்பி. அவ என்னையே பாக்கறா. கண்டுபிடிச்சிடுவா."

அன்றைக்கு எங்கள் மூவருக்கும் ஒரு விஷயம் புரிந்தது. நாங்கள் சாவைத்தான் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தோம். குமரேசனின் தட்டில் முதல் பக்கத்திலேயே பிணம். என் தட்டில் கதாநாயகியே பிணம். ஸ்டெல்லா அக்கா தன் அருமைக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நெற்றியைச் சுருக்கி, "மாமியார்... ஊகும். குழந்தை... ஐயோ வேண்டாம்" என்று திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். யாத்திரைக் கட்டுரையை எடுத்தேன். மலையேறும்போது குதிரை விழுந்து செத்தது. நகைச்சுவைப் புத்தகத்தை எடுத்தோம். முன்னுரையை எழுத்தாளரின் மகன் எழுதியிருந்தார், என் தந்தையார் மறைந்த பிறகு என்று தொடங்கி. கவிதைத் தொகுப்பில் கவிஞர் பக்கத்துக்குப் பக்கம் சாகத் தயாராக இருந்தார். ஜோதிடப் புத்தகத்தில் ஆயுள் பலன் என்று தனி அத்தியாயம். கடைசியில் நான் சமையல் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"அதுல கோழி சாவுதேடா" என்றான் குமரேசன்.

சார் வாடிய முகத்துடன் காத்திருந்தார். ஸ்டெல்லா அக்கா ஒரு தடித்த பைண்டிங்கை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அவருடைய உயிருக்கு உயிரான கதை. லலிதா என்ற பெண், அவள் கணவன், ஒரு குழந்தை, ஒரு தேர்த்திருவிழா, வாய்க்கொழுப்புப் பிடித்த ஒரு சித்தப்பா. "தங்கமான கதை சார். நடுவுல ஒரே ஒரு வாரம் மட்டும்..." என்று இழுத்தார். அந்த ஒரு வாரத்தில் லலிதா காமாலையில் இறந்துபோகிறாள். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சாரை அனுப்பிவிட்டு அக்கா எங்களைப் பார்த்தார்.

ஒருவனாக நான் செய்திருந்தால் சிறிய முட்டாள்தனமாகத்தான் இருந்திருக்கும். மூன்று பேர் சேர்ந்ததால் அது இந்த அளவுக்கு வளர்ந்தது. எங்கே வெட்ட வேண்டும் என்று அக்கா காட்டினார். குமரேசன் பிளேடால் அந்த வாரத்தைத் தடயமே இல்லாமல் அறுத்தெடுத்தான். அந்த இடைவெளியில், கேட்பாரற்றுக் கிடந்த இன்னொரு தொடரிலிருந்து ஒரு வாரத்தை நான் ஒட்டினேன். அதில் மைதிலி என்பவள் தங்கை கல்யாணத்துக்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாள். கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் மைதிலியை அடித்து லலிதா என்று எழுதினேன்.

"அப்புறம் அவ கதையில வரவே மாட்டாளேடா" என்றார் அக்கா.

"அம்மா வூட்டுக்குப் போனவ கோச்சுக்கினு அங்கியே இருந்துட்டான்னு நெனச்சுக்குவாங்க. எங்க அண்ணி இன்னும் திரும்பி வரலியே."

"கடைசி வரைக்கும் புருஷன் அவளை நெனச்சு அழுவானே."

குமரேசன் அதற்குத்தான் கொஞ்சம் தடுமாறினான். பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போனதற்கு எவன் அழுவான் என்பது அவன் சந்தேகம்.

சார் புத்தகத்தை வாங்கிக்கொண்டு எங்கள் மூவரையும் பார்த்துக் கும்பிட்டார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெண்ணைச் சாவிலிருந்து காப்பாற்றிவிட்ட பெருமையில் அன்று மூவரும் போண்டா வாங்கித் தின்றோம்.

அடுத்து அவர் படியேறி வந்தபோது எங்கள் குட்டு உடைந்திருந்தது. நடையிலேயே தெரிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பேய்க் கதைத் தட்டுக்குப் பின்னால் தனியாகப் போய் ஒளிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. வசந்தா அம்மா எங்கள் மூன்று பேரையும் வீட்டுக்கு அழைத்துவரச் சொன்னதாக மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

பொழிச்சலூர் வீட்டில் ஒரு வசதி உண்டு. பேச்சு சிக்கலாகும்போது தலைக்கு மேலே விமானம் போகும். எல்லோரும் அப்படியே நிறுத்திக் காத்திருக்கலாம். அம்மா கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு. நாக்கு மட்டும் இளைக்கவில்லை. மடியில் எங்கள் பைண்டிங்.

"யாரு ஒட்டினது?"

குமரேசனும் ஸ்டெல்லா அக்காவும் என்னைக் காட்டினார்கள். அந்த நேரத்தில் மட்டும் வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது.

"நல்லா ஒட்டியிருக்க தம்பி. கல்யாணச் சாப்பாட்டுக்குப் பக்கத்துலயே கருமாதி."

புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அப்போதுதான் பார்த்தேன். தொடர்கதை படித்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வாரமும் தலைப்புக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். முன்கதைச் சுருக்கம். போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. பைண்டிங்காகப் படிக்கிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை, கண் தாண்டிப் போய்விடும். எங்கள் கண்களும் தாண்டிப் போயிருந்தன. நாங்கள் அறுத்தெடுத்த வாரத்துக்கு அடுத்த வாரத்தில், கட்டத்துக்குள் கொட்டை எழுத்தில் இருந்தது: காமாலை கண்டு லலிதா இறந்துபோகிறாள்.

தாண்டிப் போகாத ஒரே மனிதரிடம் அந்தப் புத்தகத்தைக் கொடுத்திருந்தோம்.

நடந்ததை அம்மாவே சொன்னார். சார் வழக்கம்போலக் கட்டத்தையும் உரக்கப் படித்திருக்கிறார். அந்த நேரத்தில் விமானம் போயிருக்கிறது. அம்மா காதில் ஒன்றும் விழவில்லை. "என்ன படிச்சீங்க, கேக்கல, மறுபடி படிங்க" என்றிருக்கிறார். சார் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்றாராம்.

"கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுஷன் அச்சடிச்ச எதையும் ஒண்ணுமில்லன்னு சொன்னது கிடையாது. பொட்டலக் காகிதத்தக்கூட எனக்குப் படிச்சுக் காட்டுவார். புஸ்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். லலிதா செத்தத எதுக்கு எங்கிட்ட மறைக்கணும்? ரத்தம் கம்மின்னா மறைப்பாங்களா?"

தலைக்கு மேலே விமானம் போனது. காத்திருந்தோம். போய் முடிந்தது.

"டாக்டர் சொல்லல. இவரு சொல்லல. என் தங்கச்சி தினமும் வந்து ஆர்லிக்ஸ் கலக்கிக் குடுத்துட்டுப் போறா, அவளும் சொல்லல. கடைசில பசை ஒட்டற பசங்க நீங்க சொல்லிட்டீங்க."

சார் டீத் தட்டுடன் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. "வாழ்நாள் பூரா டிக்கெட் இல்லாதவன மூஞ்சியப் பாத்தே பிடிச்ச ஆளு. பொய் சொல்ற மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியாதா? கண்ணாடியப் பாத்துக்க வேணாம்?"

அப்புறம் அறுத்தெடுத்த வாரத்தைக் கேட்டார். அது போண்டாவோடு போய்விட்டது. எண்ணெய் ஒற்றக் காகிதம் தேடியபோது கையில் கிடைத்தது அதுதான். ஸ்டெல்லா அக்காவுக்குக் கதை மனப்பாடம் என்பதால் வாயால் சொல்லத் தொடங்கினார். லலிதா கணவன் மடியில் தலை வைத்து, குழந்தையின் எதிர்காலத்தையும் பூர்வஜென்மத்தையும் பற்றிப் பேசிப் பேசிச் சாகிறாள். அக்கா துண்டுக் கதையின் உச்சத்தில் தேம்பினார். அம்மாவின் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"சாகறப்போ இவ்வளவு பேசினாளா? எனக்கு பாத்ரூம் போய்ட்டு வந்தாலே மூச்சு வாங்குது. எழுதினவரு யாரும் சாகறதப் பாத்ததே இல்ல போல. இவரு மடியில நான் தலைய வச்சா, கால் மரத்துடுச்சு எந்திரின்னுவாரு."

டீத் தட்டு அங்கேயே நின்றது. டீ ஆடை கட்டியிருந்தது. எங்கள் வேலை முடிந்ததென்று நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அம்மா விடவில்லை. செய்ததற்குத் தண்டனையாக இனி வாராவாரம் வந்து கதை சொல்ல வேண்டும் என்றார். ஒரு நிபந்தனை.

"முடிவ மட்டும் சொல்லுங்க. மொதல்லேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்க எனக்கு நேரம் இல்ல."

குமரேசனின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. ஊரெல்லாம் சாபம் கொடுத்த வித்தைக்கு அன்றுதான் ஆள் கிடைத்தது. "அப்ப நான்தாம்மா உங்களுக்குக் கரெக்டான ஆளு" என்று கட்டிலோரம் உட்கார்ந்து, ஒரு தட்டு முழுவதிலும் யார் யார் கொன்றார்கள் என்று வரிசையாக ஒப்பித்தான். அம்மா ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டு, பெரும்பாலும் கொலைகாரன் பக்கமே பேசினார். செத்தவன் பேச்சைக் கேட்டால் தனக்கே கொல்லத் தோன்றுகிறது என்றார். பிறகு என் முறை வந்தது. நான் படிக்காத கதைகளின் முடிவை நடுங்கிக்கொண்டே ஊகித்துச் சொன்னேன்.

"உன் கதைங்கல்லாம் சுத்த மோசம்டா" என்றார். "செத்தவங்க எல்லாரும் திரும்பி வந்துடறாங்க." முதல்முறையாகச் சமையலறை வாசலைப் பார்த்தார். "நான் வரமாட்டேன். நிம்மதியா இருங்க."

சார் ஆறிப்போன டீயைக் கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்தார். நாங்களும் குடித்தோம்.

அதற்கப்புறம் எங்களுக்கு ஒரு வெறி பிடித்தது. லைப்ரரியிலிருந்த நல்ல தொடர்கதைகளின் கடைசி வாரங்களை மட்டும் அறுத்தெடுத்து ஒரே புத்தகமாகத் தைத்தோம். ஒவ்வொன்றின் தலையிலும் முன்கதைச் சுருக்கம் இருந்ததே. நேரமில்லாத ஒருவருக்கு அந்த நாலு வரியும் முடிவும் போதாதா? காதல், கொலை, பேய், தேர்த்திருவிழா எல்லாம் அதில் இருந்தன. எங்கள் மூவரின் சிபாரிசும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே புத்தகம் அதுதான். சார் தினமும் வாசித்தார். கட்டத்தை விடாமல், பல்பொடியை விடாமல். கதைகளில் சனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். குரல் மாறினால், "ஒழுங்கா படிங்க" என்று அம்மா அதட்டுவார்.

அம்மா அந்தப் புத்தகத்தை முடிக்கவில்லை. வெறும் முடிவுகளையே தைத்துக் கொடுத்தும் நோய் முடிக்க விடவில்லை, அவ்வளவு கொடூரம்.

சார் கொஞ்ச காலம் கழித்து வந்தார். புத்தகம் தொலைந்துவிட்டது தம்பி என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. முன்பு சொன்ன பொய்யைவிடவும் மோசமாகச் சொன்னார். பக்க முனையை மடக்கியதற்கே மனிதர்களின் சந்தோஷத்தைக் கெடுக்கிற குமரேசன், "பரவால்ல சார், வுடுங்க" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாட்டிக்கொண்டது மற்ற உறுப்பினர்கள்தான். எங்கள் அருமையான தொடர்கதைகளுக்கெல்லாம் முடிவில்லாமல் போய்விட்டது. பதறிப்போய்ப் படியேறி வந்து, கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். பாதிக் கதைகள் எங்களுக்கே ஞாபகமில்லை. "சேர்ந்துட்டாங்க" என்று சொல்லி அனுப்புவோம். ஸ்டெல்லா அக்காகூட அதையே சொன்னார். மேற்குத் தாம்பரத்தில் ஒரு தலைமுறை, அவர்களெல்லாம் சேர்ந்துவிட்டதாக நம்பிக்கொண்டே வயதாகியிருக்கிறது.

பிறகு சீரியல்கள் வந்து எங்கள் வாடிக்கையாளர்களை அள்ளிப்போனதும், முதலாளி புத்தகங்களை எடைக்குப் போட்டதும் எல்லா ஊரிலும் நடந்த கதைதான். அந்தப் படிக்கு மேலே இப்போது போனுக்கு உறை விற்கிறார்கள். ஸ்டெல்லா அக்கா மகளோடு வெளிநாட்டில். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ அனுப்புகிறார். குமரேசன் இரண்டு மாதம் முன்பு குரோம்பேட்டை சிக்னலில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் முடிவை முன்கூட்டியே சொன்ன பயல் தன் விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்துதான் எனக்குப் படபடப்பு. டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. அவருக்கு முன்கதைச் சுருக்கம் எதற்கு? இப்போது எதற்கும் அந்தக் கட்டம் கிடையாது. எல்லாம் நேராகப் போனுக்கு வந்து விழுந்துவிடுகிறது.

விழுந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. திறந்த ரிப்போர்ட் விரல் பட்ட இடத்திலெல்லாம் பெரிதாகவும் சின்னதாகவும் ஆகிக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் மேஜைக்குப் பின்னால் இருந்த அந்தப் பெண்ணிடமே கொடுத்து, கடைசி வரியை மட்டும் படித்துச் சொல்லும்மா என்றேன். நாய் செத்ததைக்கூட மறைக்காத பெண். மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் போனாள். கடைசி வரியில் நின்றாள். படித்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல அங்கிள்."

"லாரி சத்தத்துல கேக்கலம்மா. மறுபடி படி" என்றேன்.

கண்ணாடிக் கதவு மூடியிருந்தது. லாரி எதுவும் போகவில்லை.